துண்டுச் சீட்டும் தோட்டப் பாடசாலையும்

இலங்கை மலையகத்தில் கல்விக்கும் கூலிக்கும் உள்ள உறவை ஆராயப் புகுவோர் 'துண்டு' என்ற சிறு காகிதத்திலிருந்து தொடங்க வேண்டும். தொழிலாளி கங்காணியிடம் பட்ட கடனைக் குறித்து, அதனைத் தீர்ப்பவர் அவரை அழைத்துச் செல்லலாம் என்று தோட்டத்துரை எழுதிக் கொடுத்த சீட்டு அது. தன் தலைமீது எழுதப்பட்ட தொகையைத் தானே வாசித்தறிய முடியாத நிலையில் அத்தொழிலாளி இருந்தார். 1921 இல் துண்டு முறை ஒழிக்கப்பட்டது, எழுத்தறியாமை நீடித்தது.

1907 ஆம் ஆண்டுச் சட்டம், 6 முதல் 10 வயது வரையான பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் கல்வி வழங்கும் பொறுப்பைத் துரைமாரிடம் ஒப்படைத்தது. பத்து வயதுக்கு மேல் கொழுந்துக் கூடை காத்திருந்தது. கற்ற பிள்ளை லயத்தை விட்டு வெளியேறிவிடும் என்பதைத் தோட்ட நிர்வாகங்கள் நன்கறிந்திருந்தன.

பாடசாலை செய்யாததைத் தொழிற்சங்கம் செய்ய முயன்றது. பத்திரிகையாளரான கோ. நடேசய்யர், 1931 இல் ஹட்டனைத் தளமாகக் கொண்டு சங்கம் அமைத்தார். உரிமைகளை விளக்கும் சிறு நூல்களையும் எளிய தமிழில் வெளியிட்டார். கூலிக் கணக்கைக் கேட்கும் துணிவு வாசிப்பிலிருந்தே பிறக்கும் என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

1945 இல் நாட்டுக்கு இலவசக் கல்வி வந்தபோது தோட்டப் பாடசாலைகள் பெரும்பாலும் அதற்கு வெளியே நின்றன. 1970களின் பிற்பகுதியில்தான் அரசு அவற்றைப் பரவலாகப் பொறுப்பேற்கத் தொடங்கியது. அதன்பின் தோட்ட இளைஞர்களே ஆசிரியர்களாயினர். பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி எழுந்தது. பல லயக் குடும்பங்கள் முதன்முதலாக மாதச் சம்பளத்தைக் கண்டது இந்த ஆசிரியர் நியமனங்களால்தான்.

ஆனால் கொழுந்து மலையில் நிலைமை வேறு. நாட்சம்பளம் 2021 இல் 1,000 ரூபாயாகவும் 2024 இல் 1,350 ரூபாயாகவும் உயர்ந்தது. இரண்டும் நீண்ட போராட்டங்களின் பின்னர் வந்தவை. கூடுதலாகப் பறித்தால் அதற்குக் கொடுப்பனவு உண்டு. கூடுதலாகப் படித்ததற்கு எதுவுமில்லை. சாதாரண தரம் சித்தியெய்திய மகளுக்கும் பாடசாலை வாசலையே மிதிக்காத தாய்க்கும் ஒரே 'பேர்'தான்.

எனவேதான் மலையகத்தில் கல்வி, தோட்டத்தை விட்டு வெளியேறும் ஏணியாகவே இருந்து வந்திருக்கிறது. வெளியேறியவர்களைக் குறித்துப் பெருமைப்படுகிறோம். மலையில் நிற்கும் தாய், நாற்பது வயதில் புதிதாக ஒன்றைக் கற்றால் அவரது சம்பளத்தில் ஒரு ரூபாயேனும் கூடுமா? துண்டு ஒழிந்து நூறாண்டுகள் கடந்த பின்னரும் அக்கேள்விக்கு விடை கிடைக்கவில்லை.