அழைத்தவர் போனபின் மறையும் பெயர்கள்

நிரலில் வரும் ஒரு பெயர் எதைக் குறிக்கிறது என்று அறிய இரு வழிகள் உண்டு. அது எழுதப்பட்ட இடத்தைப் பார்ப்பது ஒன்று. அந்நிரலை அழைத்தவர் யார், அவரை அழைத்தவர் யார் என்று சங்கிலியைத் தொடர்வது மற்றொன்று. அல்கால் 60 முதல் வழியைக் கொண்டது. அதே காலத்து லிஸ்ப் இரண்டாவதில் போய் விழுந்தது. அச்சிக்கல் தெரியவந்தபோது ஜான் மெக்கார்த்தி அதை ஒரு பிழையாகவே கருதினார். 1975-இல் ஸ்கீம் முதல் வழிக்குத் திரும்பியது.

அலுவலகக் கணினிகளிலோ இரண்டாம் வழியே நெடுநாள் நிலைத்தது. வேய்ன் ராட்லிஃப் உருவாக்கிய டிபேஸிலும் அதன் வழிவந்த ஃபாக்ஸ்புரோவிலும் ‘பிரைவேட்’ மாறி, தன் பெயருக்கு மாறாக, அடுத்தடுத்து அழைக்கப்படும் நிரல்கள் அனைத்திற்கும் தென்படும். (மொழியியல் படித்தவர்க்கு இப்பெயரிடல் ஒரு தனி வேடிக்கை.) 1990-இல் கிளிப்பர் 5 ‘லோக்கல்’ மாறியைத் தந்தது, ஃபாக்ஸ்புரோவிற்கு அது 1995-இல், விஷுவல் ஃபாக்ஸ்புரோ 3.0-இல், பொருள்நோக்கு நிரலாக்கத்தோடு சேர்ந்தே வந்தது.

சிக்கலும் அங்கேதான் முளைத்தது. ஒரு நிரல் வாடிக்கையாளர் எண்ணைப் பிரைவேட் மாறியில் இட்டுப் படிவத்தைத் திறக்கிறது. படிவம் உருவாகையில் ஓடும் ‘இனிட்’ அதைக் காண்கிறது; அழைத்த நிரல் இன்னும் முடியவில்லை. படிவம் திரையில் தோன்றியதும் அந்நிரல் முடிகிறது, மாறியும் மறைகிறது. பின்னர் பயனர் பொத்தானை அழுத்தினால், மாறியைக் காணோம் என்ற பிழைச்செய்தி. மூடும்வரை அழைத்தவரைக் காக்கவைக்கும் படிவமாக இருந்தால் அதே வரிகள் ஒழுங்காக ஓடும்! இக்குழப்பத்திலிருந்து தப்ப, மாறியைப் ‘பப்ளிக்’ ஆக்குவது எளிய குறுக்குவழி. அது பிழையை மறைத்ததே தவிர நீக்கவில்லை. அதே படிவத்தை இரு வாடிக்கையாளர்க்காக இருமுறை திறந்தால், இரண்டாவது எண் முதலாவதை அழித்துவிடும். முதற்படிவத்தில் செய்த திருத்தம் மற்றவர் கணக்கில் ஏறும். செய்தி எதுவும் வராது என்பதால் இது முன்னதைவிடக் கொடியது.

எண்ணை இனிட்டிற்கு அளபுருவாக அனுப்பி, உடனே படிவத்தின் பண்பாகச் சேமித்துவிடுவதே முறை. அளபுருவும் இனிட்டோடு முடிந்துவிடும். பண்போ படிவம் வாழும்வரை வாழும். அதன்பின் பொத்தானின் நிரல் அந்த எண்ணைத் தனிப்பெயரால் தேடுவதில்லை, ‘திஸ்ஃபார்ம்’ என்னும் சுட்டின் வழியே அடைகிறது. நம் இலக்கணம் சொல்லும் அண்மைச்சுட்டு இதுவே: இரண்டு படிவங்கள் ஒருசேரத் திறந்திருந்தாலும் ஒவ்வொன்றின் ‘இந்த’வும் தன்னையே காட்டும்.