வல்மிப் போர்ச் சித்திரமும் அதன் படியும்

மூலச் சித்திரம் யாது, அதனைப் பார்த்துத் தீட்டிய படி யாது என ஆராய்தல் ஓவிய வணிகர்க்கும் நூதனசாலை அதிகாரிகளுக்கும் மட்டுமே உரிய வேலை என்று வரலாறு பயில்வோர் பொதுவாக எண்ணுவர். ஏட்டுப் பிரதியொன்று கையிற் கிடைத்தால், பெயர்த்தெழுதியவன் யார், எவர் பொருட்டு எழுதினான் என்றெல்லாம் வினவும் நாம், சித்திரப் படிகளைக் கண்டவிடத்து அங்ஙனம் வினவுவதில்லை. பிரான்சு நாட்டுப் போர்ச் சித்திரங்களைச் சான்றாகக் கொள்வோர் அவ்வினாவைத் தவிர்த்தல் இயலாது. வல்மிப் போரைக் காட்டும் சித்திரத்தின் கதை இதனைத் தெளிவாக்கும்.

வல்மிப் போர் 1792ஆம் ஆண்டு செப்டெம்பர் 20ஆம் நாள் நிகழ்ந்தது. பாரிசு நகரை நோக்கி வந்த பிரசியப் படையைக் கெல்லர்மன் தலைமையிலான பிரான்சியப் படை, காற்றாலை நின்ற ஒரு மேட்டிலே எதிர்த்து நின்றது. அன்று நடந்தது பெரும்பாலும் பீரங்கிச் சமரே. இறந்தோர் சில நூற்றுவரே. ஆயினும் பகைவர் முன்னேறாது நின்றுவிட்டனர். மறுநாளே பாரிசில் முடியாட்சி ஒழிக்கப்பட்டது. குடியரசின் முதல் வெற்றியெனப் பிரான்சியர் இதனைப் போற்றுதல் இக்காரணம் பற்றியே.

அக்களத்திலே பதினெட்டு வயதினனான அரச குடும்பத்து இளைஞன் ஒருவனும் நின்றான். அவனே சார்த்தர் கோமகன் உலூயி பிலிப்பு. அடுத்த ஆண்டு அவன் தன் சேனாதிபதி துமூரியேயுடன் பகைவர் பக்கம் சென்றான். அவன் தந்தை பாரிசிலே சிரச்சேதம் செய்யப்பட்டான். நெடுங்காலம் பிறநாடுகளில் அலைந்து மீண்ட பின்னர், ஒராசு வேர்னே என்னும் ஓவியனைக் கொண்டு நான்கு போர்ச் சித்திரங்களை எழுதுவித்தான். அவற்றுள் செமாப்புப் போர் 1821இலும், வல்மிப் போர் 1826இலும் எழுதப்பட்டன. இவ்விரு போர்களிலும் உலூயி பிலிப்பு நேரே பங்குகொண்டவன். வேர்னேயோ 1789இற் பிறந்தவன். வல்மியிற் பீரங்கி முழங்கியபோது மூன்று வயதுக் குழந்தை. ஆகவே மூலச் சித்திரமே கண்டார் கூற்றன்று. நாட்டைவிட்டு ஓடியவன் என்ற பழி சுமந்த ஒருவன், நாட்டுக்காகத் தான் போர்புரிந்த நாள்களை நினைவூட்டுதற்கு எழுதுவித்தது அது என்று கொள்ளுதலே பொருத்தமாகும்.

1830இல் அவனே பிரான்சின் அரசனானான். வெர்சேய் அரண்மனையை நாட்டின் கீர்த்தி அனைத்துக்கும் உரிய நூதனசாலையாக்கி 1837ஆம் ஆண்டு யூன் 10ஆம் நாள் திறந்துவைத்தான். அங்குள்ள போர்ச் சித்திர மண்டபம் ஏறக்குறைய 120 மீற்றர் நீளமுடையது. தொல்பியாக்குப் போர் முதல் 1809இன் வாகிராம் போர் வரை 33 பெருஞ் சித்திரங்கள் அதில் உள. தெலக்குறுவா எழுதிய தாயெபூர்ப் போரும் அவற்றுள் ஒன்று. வேறோர் அறை 1792ஆம் ஆண்டுக்கென்றே ஒதுக்கப்பட்டது. அவ்வறைக்கு வல்மியும் செமாப்பும் வேண்டியிருந்தன. மூலங்களோ அரசனது சொந்த மாளிகையான பலே-உறுவாயாலில் இருந்தன. எனவே வல்மியை மொசேசு என்பானும், செமாப்பை ஆன்றி செபெர் என்பானும் படியெடுத்தனர். தனியொருவனின் மாளிகை நினைவு நாட்டின் வரலாறாக மாறியது இப்படிகளின் வாயிலாகவே.

படியெடுத்தல் எளிய தொழிலன்று. மூலத்தின்மீது சதுரக் கட்டங்களை வகுத்து, அதே விகிதத்திற் கித்தானிலும் கட்டமிட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் உள்ளவற்றைப் பெயர்த்தெழுதுதல் பழைய முறை. கோடுகள் அமைந்தபின் மங்கிய அடிவண்ணமும், அது காய்ந்தபின் மெல்லிய எண்ணெய் வண்ணப் பூச்சுகளும் வரும். வல்மி மூலம் ஏறக்குறைய 1.75 மீற்றர் உயரமும் 2.87 மீற்றர் அகலமும் உடையது. மொசேசின் படி அதனினும் மிகப் பெரிது. சிறிய கித்தானிற் புகையாகத் தோன்றுவது பெரிய கித்தானில் வெற்றிடமாகிவிடும். அங்கே படியெடுப்போன் தன் கருத்தின்படி எழுதியே ஆகவேண்டும். மூல ஓவியனே தன் சித்திரத்தை மீண்டும் எழுதினாலும் இதே நிலைதான். ஆல்ப்சு மலையைக் கடக்கும் பொனபாட்டைத் தவீது 1801க்கும் 1805க்கும் இடையில் ஐந்து முறை எழுதினான். முதற் சித்திரத்தின் மஞ்சட் போர்வை அடுத்ததிலே செந்நிறமாயிற்று. பொனபாட்டு ஏறிச்சென்றது கோவேறு கழுதை. ஐந்திலும் பாய்வது குதிரை!

படியென்றால் இழிவு என்போரும் உளர். எனக்கு அது உடன்பாடன்று. செரிக்கோ எழுதிய மெதூசாத் தெப்பச் சித்திரம் நிலக்கீல் கலந்த வண்ணத்தாற் கறுத்துவந்தமையின், 1859-60இல் கியமே, உரோஞ்சா என்னும் இருவர் அதனைப் படியெடுத்தனர். அமியேன் நகரிலுள்ள அப்படி, மூலம் இன்று காட்டாத சிலவற்றைக் காட்டுகின்றது. இலூவர் நூதனசாலையில் இன்றும் ஓவியர் அனுமதி பெற்றுப் படியெடுக்கின்றனர்; படி மூலத்தின் அளவினதாய் இருத்தலாகாது என்பது அங்குள்ள விதி. மோசடியைத் தடுக்க வந்த இவ்விதி, படி தன்னைப் படியென்றே அறிவிக்கவும் செய்கின்றது.

1848இற் புரட்சி மூண்டது. உலூயி பிலிப்பு மீண்டும் நாட்டைவிட்டு ஓடினான். பலே-உறுவாயால் சூறையாடப்பட்டது, வேர்னேயின் சித்திரங்களும் சேதமுற்றன. பின்னர் அவை விற்கப்பட்டு ஆங்கிலேயர் கைக்கு மாறி, 1914இல் இலண்டன் தேசிய ஓவியக்கூடத்தை அடைந்தன. வல்மியின் மூலம் இன்று இலண்டனில் உளது. வெர்சேய் அரண்மனையின் 1792ஆம் ஆண்டு அறையில், பிரான்சிய மக்கள் சென்று காண்பது மொசேசின் படியையே.