ஒரு மாத்திரையும் ஒரு மறதியும்

கலேகா என்று ஒரு களைச்செடி. ஐரோப்பாவின் ஈரமான புல்வெளிகளில் வெளிர் ஊதாப் பூவோடு வளரும். அதிகமாக மேய்ந்த ஆடுகள் செத்துவிழும். அங்கத்திய நாட்டு வைத்தியத்தில் இதே செடிக்கு இடமிருந்தது. ரத்தச் சர்க்கரையைக் குறைக்கும் குவானிடின் வகைப் பொருள் அதில் இருந்ததும், அதுவே நஞ்சு என்பதும் பிறகுதான் தெரிந்தன.

அந்த குவானிடின் குடும்பத்தைச் சேர்ந்த சர்க்கரை நோய் மருந்தான மெட்ஃபார்மினை 1922-இல் டப்ளினில் எமில் வெர்னரும் ஜேம்ஸ் பெல்லும் ஆய்வுக்கூடத்தில் தயாரித்தார்கள். அதே ஆண்டில்தான் இன்சுலின் முதன்முதலாக நோயாளிக்குப் போடப்பட்டது. அதன் புகழுக்கு முன்னால் இதை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. 1957-இல் பாரிஸ் மருத்துவர் ழான் ஸ்டெர்ன் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து முடிவுகளை வெளியிட்டார். அமெரிக்கா அனுமதிக்க 1994 ஆனது.

இந்தக் கதையில் என்னை உறுத்துவது 1971. பெல்ஃபாஸ்ட் மருத்துவர்கள், இந்த மாத்திரையை நெடுநாள் சாப்பிட்டுவந்த 71 பேரைச் சோதித்தார்கள். 21 பேருக்கு வைட்டமின் பி12 உடலில் சரியாகச் சேரவில்லை. சிறுகுடலின் கடைசிப் பகுதியில்தான் பி12 உறிஞ்சப்படுகிறது. அதற்குக் கால்சியம் வேண்டும். அந்த இடத்தில்தான் மெட்ஃபார்மின் குறுக்கிடுவதாகக் கருதுகிறார்கள்.

கல்லீரலில் பல ஆண்டுகளுக்கான பி12 இருப்பு உண்டு. அதனால் குறை உடனே வெளியே தெரியாது. மெல்லப் பாதம் மரத்துப்போகும். "சர்க்கரை நரம்பைத் தின்னுடுச்சு" என்போம். அடுப்பில் வைத்த பால் மறந்துபோகும், பக்கத்து வீட்டுக்காரர் பெயர் நாக்கு நுனியில் நின்றுவிடும். "வயசாயிடுச்சு" என்று விட்டுவிடுவோம். பி12 குறைவால் வந்த மறதி என்றால், காலத்தோடு கண்டுபிடித்து ஊசியோ மாத்திரையோ கொடுத்தால் பெரும்பாலும் தேறிவிடலாம். தாமதித்தால் நரம்புச் சேதம் நிலைத்துவிடும். சைவ உணவுக்காரர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். பாலும் தயிரும் தவிர அவர்களுக்கு பி12 கிடைக்க வழி குறைவு.

இதற்காக மெட்ஃபார்மினை யாரும் தானாக நிறுத்திவிடக் கூடாது. கட்டுக்கடங்காத சர்க்கரையே மூளையின் ரத்தக்குழாய்களைக் கெடுக்கும். மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்களுக்கு முதுமை மறதி குறைவு என்று சொல்லும் ஆய்வுகளும் உண்டு, மாறாகச் சொல்பவையும் உண்டு. கேட்க வேண்டியது ஒரு ரத்தப் பரிசோதனை. மரத்துப்போதல் போன்ற அறிகுறி இருந்தால் பி12 பார்க்க வேண்டும், ஆபத்து கூடியவர்களுக்கு அவ்வப்போது பார்க்கலாம் என்று பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு மருத்துவர்களுக்கு அறிவுறுத்தியது 2022-இல். பெல்ஃபாஸ்ட் ஆய்வுக்கு அப்போது 51 வயது.