நாவுக்கு விலங்கு

1920ஆம் ஆண்டு, மே திங்கள் 25ஆம் நாள். அமெரிக்க நாட்டின் நெப்ராஸ்கா மாநிலத்திலே ஹாம்ப்டன் என்றொரு சிற்றூர். உழவர் குடிகள் வாழும் சமவெளி. அங்கே சீயோன் லுத்தரன் திருச்சபையார் நடத்தி வந்த சிறிய பள்ளிக்கூடம். நண்பகல் இடைவேளை. ராபர்ட் மேயர் என்னும் ஆசிரியர், பத்து வயதுச் சிறுவன் ஒருவனுக்கு விவிலியக் கதைநூலைப் படிக்கக் கற்றுக் கொடுத்துக் கொண்டிருக்கிறார். அவ்வேளையில் அங்கு வந்து நிற்கிறார் மாவட்ட அரசு வழக்கறிஞர்.

அவர் கண்டது என்ன? கொலையா? கொள்ளையா? கள்ள நோட்டு அச்சடிப்பா? எதுவுமில்லை. ஓர் ஆசிரியர் ஒரு பிள்ளைக்குப் பாடஞ் சொல்லிக் கொடுத்தார். அந்தப் பாடம் அப்பிள்ளையின் பெற்றோர் பேசிய ஜெர்மன் மொழியில் இருந்தது. அதுதான் குற்றம்! அதற்குத்தான் வழக்கு! அதற்குத்தான் தண்டனை!

வந்து நிற்பவர் யாரென்பது மேயருக்குத் தெரியும். அந்த நொடியிலேயே ஆங்கிலத்துக்கு மாறியிருந்தால் வந்தவர் வந்த வழியே போயிருப்பார் என்பதும் தெரியும். பின்னாளில் தம் வழக்கறிஞரிடம் அதைச் சொன்னார் அவர். தப்பிக்க வழியிருந்தது, தம் கடமை எதுவென்ற தெளிவும் இருந்தது, பின்வாங்கக் கூடாதென்று முடிவு செய்தார், ஜெர்மன் மொழியிலேயே பாடத்தைத் தொடர்ந்தார். உலகப் போரை நடத்திய தளபதிகளின் பெயர்கள் வரலாற்று ஏடுகளில் பெரிய எழுத்தில் நிற்கின்றன. ஒரு வாக்கியத்தை நிறுத்தாமல் படித்து முடிக்க வைத்த இந்த ஆசிரியனின் பெயரை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

மேயரின் மதம் நம் மதமன்று. அவர் கற்பித்த கதைகளில் நமக்கு நம்பிக்கை வேண்டுமென்பதும் இல்லை. ஆயினும், ஒரு சிற்றூர்ப் பள்ளியின் ஆசிரியன், அரசே எதிர்த்து நின்றபோது அஞ்சாமல் நின்றானே, அந்த நெஞ்சுரம் அவனுக்கு எங்கிருந்து கிடைத்தது என்பதை ஆராயும் கடமை நமக்கு உண்டு. ஏனெனில் பள்ளியைக் கட்டுவோர் பலர். திறந்து வைப்போர் அதனினும் பலர். அதை நாள்தோறும் நடத்திச் செல்பவனுக்கு யார் துணை என்று கேட்போர் மிகச் சிலரே.

நானூறு ஆண்டுகள் பின்னோக்கிச் செல்வோம். 1522இல் மார்ட்டின் லூதர், விவிலியத்தின் புதிய ஏற்பாட்டை ஜெர்மன் மொழியில் வெளியிட்டார். இலத்தீன் கற்ற குருமாரின் கையிலிருந்த சாவி, மொழிபெயர்ப்பால் மக்கள் கைக்கு வந்தது. ஆனால் நூல் வந்தால் போதுமா? படிக்கத் தெரிய வேண்டாமா? 1524இல் ஜெர்மானிய நகர மன்றங்களுக்கு அவர் ஒரு வேண்டுகோள் விடுத்தார். துப்பாக்கிக்கும் சாலைக்கும் பாலத்துக்கும் அணைக்கும் ஆண்டுதோறும் இவ்வளவு பொருளைக் கொட்டுகிறீர்களே, ஓரிரு ஆசிரியர்களை வைத்துக் காக்க உங்களிடம் காசில்லையா என்பது அதன் கருத்து. ஆண் பிள்ளைகளோடு பெண் பிள்ளைகளும் பள்ளிக்கு வர வேண்டுமென்றார். 1530இல் மீண்டும் எழுதினார். மதப் பணியை விட நேர்ந்தால் தாம் விரும்பி ஏற்கும் தொழில் ஆசிரியத் தொழிலே என்றார்.

அதே லூதர்தான் 1525இல், உரிமை கேட்டு எழுந்த உழவர்களை ஒடுக்கச் சொல்லி எழுதியவர். 1543இல் யூதர்மீது நஞ்சைக் கக்கியவரும் அவரே. ஒருவரை முழுக்கப் போற்றுவதும் முழுக்கத் தூற்றுவதும் பகுத்தறிவாளர்க்கு அழகன்று. பள்ளியைப் பற்றிச் சொன்னது நன்று. அதை எடுத்துக் கொள்வோம். மற்றதைத் தள்ளி வைப்போம்.

அவர் வழி வந்தவர்களில் ஒரு கூட்டத்தார், ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியிலிருந்து கப்பலேறி 1839இல் அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் குடியேறினர். தங்க வீடில்லை, உழுத நிலமில்லை, நோயும் சாவும் உடன் வந்தன. அந்த நிலையிலும், குடியேறிய அதே ஆண்டின் இறுதிக்குள் மரக்கட்டைகளால் ஒரு குடில் எழுப்பிப் பள்ளி தொடங்கினர். 1847இல் மிசூரிப் பேரவை என்னும் அமைப்பு உருவானபோது, அதில் சேரும் சபைகள் தங்கள் பிள்ளைகளின் கல்விக்கு வழி செய்ய வேண்டுமென்பதை ஒரு விதியாகவே வைத்தனர். குறையில்லாதவர்களா இவர்கள்? இல்லை. இவர்களின் தலைவர் வால்தர், கறுப்பின மக்களை அடிமைகளாக வைத்திருப்பது வேதத்துக்கு முரணன்று என்று வாதிட்டவர். மதநூலைத் துணைக்கழைத்து மனிதனை விலங்கிட்ட கொடுமைக்கு இவர்களும் விலக்கல்லர். ஆனால் பள்ளி என்று வரும்போது இவர்கள் காட்டிய உறுதி வியப்புக்குரியது.

அந்தப் பள்ளிகளின் ஆசிரியர் நிலையை எண்ணிப் பாருங்கள். பல இடங்களில் ஒரே அறை, ஒரே ஆசிரியர், எல்லா வகுப்புகளும் அவர் தலைமேல். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் இசைக்கருவி வாசிக்கும் வேலையும் அவருக்கே. ஐயம் வந்தால் கேட்க அருகில் ஆளில்லை. மனம் தளர்ந்தால் தேற்ற ஒரு தோழனில்லை. பல கல் தொலைவில் இருக்கும் மற்றோர் ஆசிரியரும் இதே நிலையில்தான்.

இந்தத் தனிமையைப் போக்க அவர்கள் இரண்டு செயல்களைச் செய்தனர். 1864இல் இல்லினாய் மாநிலத்து அடிசன் என்னும் ஊரில் ஆசிரியர் பயிற்சிப் பள்ளி ஒன்றை நிறுவினர். அதன் தலைவர் லிண்டமன். மறு ஆண்டே, 1865இல், ஆசிரியர்களுக்கென்றே ஓர் இதழ் தொடங்கினர். சுவிசேஷ லுத்தரன் பள்ளி இதழ் என்பது அதன் பெயரின் பொருள். பாடம் நடத்தும் முறையை எடுத்துச் சொல்வது ஒரு பக்கம். பணியின் பெருமையை உணர்த்தி மனத்தைத் தாங்கிப் பிடிப்பது மறு பக்கம். தொழிலறிவும் ஊக்கமும் ஒரே ஏட்டில் சேர்ந்து சென்றன. சமவெளியின் ஒரு கோடியிலே விளக்கொளியில் அதைப் படித்த ஆசிரியன், தான் தனியனல்லன், தன்னைப் போல் நூற்றுக்கணக்கானோர் இருக்கிறார்கள் என்று உணர்ந்தான். பொன் கொடுத்தாலும் கிடைக்காத உணர்வல்லவா அது!

அந்த உணர்வுக்குச் சோதனை வந்தது. 1889இல் விஸ்கான்சின் மாநிலத்தில் பென்னட் சட்டம் பிறந்தது. பள்ளி என்று மதிக்கப்பட வேண்டுமானால் குறிப்பிட்ட பாடங்களை ஆங்கிலத்தில்தான் கற்பிக்க வேண்டுமென்றது அது. இல்லினாயிலும் அதே ஆண்டில் அதே போன்றதொரு சட்டம். லுத்தரன் மக்கள் கொதித்தெழுந்தனர். கத்தோலிக்கரும் கை கோத்தனர். கல்லெடுத்தார்களா? இல்லை; வாக்குச் சீட்டை எடுத்தார்கள். 1890 தேர்தலில் விஸ்கான்சின் ஆளுநர் ஹோர்டு தோற்றார். 1891இல் சட்டம் நீக்கப்பட்டது. இல்லினாய்ச் சட்டமும் 1893இல் மறைந்தது.

ஆனால் போர் வெறி, தேர்தல் முடிவைவிட வலியது. 1917 ஏப்ரலில் ஜெர்மனிக்கு எதிராக அமெரிக்கா போரில் இறங்கியது. அன்று முதல் ஜெர்மன் மொழி பேசிய நாக்கெல்லாம் பகைவனின் நாக்கு! முட்டைக்கோசு ஊறுகாய்க்கு இருந்த ஜெர்மன் பெயரைக்கூட மாற்றி ‘விடுதலைக் கோசு’ என்றார்கள். சிரிக்கத் தோன்றுகிறதல்லவா? அடுத்ததைக் கேட்டால் சிரிப்பு உறைந்து போகும். 1918 ஏப்ரலில் இல்லினாயின் காலின்ஸ்வில் ஊரில் ராபர்ட் பிராகர் என்ற ஜெர்மானியத் தொழிலாளியை ஒரு கும்பல் இழுத்துச் சென்று மரத்தில் தூக்கிலிட்டது. அதே ஆண்டு மே திங்களில் அயோவா மாநில ஆளுநர் ஹார்டிங், பள்ளியிலும் பொது இடத்திலும் தொலைபேசியிலும், ஏன், வழிபாட்டிலும்கூட ஆங்கிலமே பேச வேண்டுமென்று அறிக்கை விட்டார். கடவுளுக்கும் ஆங்கிலம் மட்டுமே புரியும் என்று ஆளுநர் கண்டுபிடித்தார் போலும்!

போர் 1918 நவம்பரில் முடிந்தது, வெறி முடியவில்லை. 1919 ஏப்ரலில் நெப்ராஸ்கா சட்டமன்றம் சைமன் சட்டத்தை நிறைவேற்றியது. அரசுப் பள்ளியோ, தனியார் பள்ளியோ, எட்டாம் வகுப்பைத் தாண்டாத பிள்ளைக்கு ஆங்கிலம் தவிர வேறு மொழியைக் கற்பிக்கலாகாது. மீறினால் 25 முதல் 100 டாலர் வரை தண்டம், அல்லது முப்பது நாள் வரை சிறை. லுத்தரன் சபையினர் நீதிமன்றம் சென்றனர். பள்ளி நேரத்துக்கு வெளியே கற்பிப்பதைச் சட்டம் தடுக்கவில்லை என்று மாநில உயர் மன்றம் விளக்கம் சொன்னது. உடனே ஹாம்ப்டன் பள்ளியார் நண்பகல் இடைவேளையை ஒரு மணியிலிருந்து ஒன்றரை மணி வரை நீட்டித்தனர். அந்த அரைமணி நேரம் பள்ளி நேரமன்று. ஆகவே ஜெர்மன் கற்பிக்கலாம். அந்த அரைமணி நேரத்தில்தான் மேயர் பிடிபட்டார்.

மாவட்ட நீதிமன்றம் 25 டாலர் தண்டம் விதித்தது. 1922இல் மாநில உயர் மன்றமும் தீர்ப்பை உறுதி செய்தது. வந்தேறிகள் தங்கள் பிள்ளைகளைத் தங்கள் மொழியிலேயே வளர்ப்பது நாட்டின் பாதுகாப்புக்கு ஊறு என்பது அதன் வாதம். தாய் சொன்ன சொல்லைப் பிள்ளை படித்தால் நாட்டுக்கு ஆபத்தாம்!

வழக்கு அமெரிக்கத் தலைமை நீதிமன்றம் ஏறியது. மேயருக்காக அங்கே வாதாடியவர் ஆர்தர் மல்லன், ஐரிஷ் மரபினர், கத்தோலிக்கர். லூதரும் போப்பும் மோதிய மோதலில் ஐரோப்பா குருதி சிந்தியது ஒரு காலம். லூதரின் வழிவந்த ஆசிரியனுக்காகப் போப்பின் வழிவந்த வழக்கறிஞர் வாதாடினார் இன்னொரு காலம். உரிமைக்குக் கேடு சூழ்ந்தபோது மத வேலி தானாகவே தாழ்ந்தது.

1923 ஜூன் 4ஆம் நாள் தீர்ப்பு வந்தது. எழுவர் ஒரு பக்கம், இருவர் மறு பக்கம். பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி மக்ரேனால்ட்ஸ். ஜெர்மன் மொழியறிவு தன்னளவில் தீங்கானதன்று. கற்பிக்கும் உரிமை ஆசிரியனுக்கும், தம் பிள்ளைக்குக் கற்பிக்க அவனை அமர்த்தும் உரிமை பெற்றோர்க்கும் உண்டு. பழைய ஸ்பார்ட்டா போலப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து ஒரே அச்சில் வார்க்கும் முறை இந்த நாட்டுக்கு ஒவ்வாது என்றது தீர்ப்பு. அயோவா, ஒகையோ மாநிலங்களின் ஆசிரியர்கள் மீதிருந்த தண்டனைகளும் அதே நாளில் தள்ளுபடியாயின. மாறுபட்ட இருவரில் ஒருவர் யார் தெரியுமா? பேரறிஞர் என்று போற்றப்படும் ஹோம்ஸ்! பிஞ்சு வயதில் ஒரே மொழி என்பது அறிவுக்குப் பொருந்திய சோதனையாகலாம் என்று அவர் கருதினார். பேரறிஞர்க்குப் புலப்படாதது சிற்றூர் ஆசிரியனுக்குப் புலப்பட்டது.

வெற்றிக்குப் பின் நடந்ததும் எண்ணத்தக்கது. அந்தப் பள்ளிகள் அடுத்த பத்தாண்டுகளில் தாமே மெல்ல மெல்ல ஆங்கிலத்துக்கு மாறின. அப்படியானால் வழக்கு வீணா? இல்லவே இல்லை. மக்கள் தாமாக ஏற்கும் மாற்றம் வேறு. தடியெடுத்து நாவுக்கு இடும் விலங்கு வேறு. மேயர் ஆங்கிலத்தை எதிர்க்கவில்லை. அவர் பள்ளியில் ஆங்கிலமும் கற்பிக்கப்பட்டது. அவர் எதிர்த்தது கட்டாயத்தை. அவர் பெற்ற தீர்ப்பு அவரினத்தாரோடு நிற்கவுமில்லை. அரசுப் பள்ளிக்கே பிள்ளைகளை அனுப்ப வேண்டுமென்ற ஓரிகன் மாநிலச் சட்டம் 1925இல் வீழ்ந்தபோது அதுவே சான்றாயிற்று. ஹவாய்த் தீவுகளில் ஜப்பானிய, சீன, கொரிய மொழிப் பள்ளிகளை நெரிக்க வந்த சட்டம் 1927இல் முறிந்தபோதும் அதுவே கேடயமாயிற்று. ஜெர்மன் பிள்ளைக்காக நின்ற ஆசிரியன், தான் கண்டிராத ஜப்பானியப் பிள்ளைக்கும் நிழலானான்.

இந்த வரலாற்றின் ஒரு கிளை நம் மண்ணிலும் ஊன்றியது. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு லுத்தரன் சபையினர்; தமிழைக் கற்றார்; தமிழில் அச்சிட்டார்; பெண் பிள்ளைகளுக்கும் பள்ளி வைத்தார். மேயரின் மிசூரிப் பேரவையே 1895இல் கிருஷ்ணகிரியில் தன் பணியைத் தொடங்கியது. அதிலிருந்து எழுந்த சபை 1958இல் இந்திய சுவிசேஷ லுத்தரன் திருச்சபை எனத் தன்னுரிமை பெற்றது. மதம் பரப்ப வந்தார்கள், உண்மைதான். ஆனால் எழுத்தறிவு பிறப்பால் வருவதென்று சொல்லி வாயிலை அடைத்து வைத்திருந்த நாட்டில், அவர்கள் திறந்த பள்ளி வாயிலில் நுழைந்தவர் பலர். அதனை மறுப்பது நன்றி மறப்பதாகும்.

இனி, தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு வருவோம். மேயரின் நெஞ்சுரம் எங்கிருந்து வந்தது? அவருடைய நம்பிக்கையிலிருந்து என்பார்கள். ஆம், அதுவும் உண்டு. ஆனால் நம்பிக்கை மட்டும் ஒருவனைத் தலைமை நீதிமன்றம் வரை தாங்கிச் செல்லாது. அவருக்குப் பின்னால் பயிற்சி தந்த பள்ளிகள் இருந்தன. ஆசிரியர்களை ஒன்றாய்ப் பிணைத்த இதழ் இருந்தது. 1890இன் வெற்றியை நினைவில் வைத்திருந்த மக்கள் இருந்தனர். வழக்கைத் தோளில் சுமந்த சபை இருந்தது. பல பத்தாண்டுகளாகப் பலர் சேர்த்து வைத்த துணிவை, ஒருநாள் நண்பகலில் ஒருவர் செலவிட்டார்.

நம் ஊர்ப் பள்ளியிலும் ஒரு தலைமையாசிரியர் இருக்கிறார். கூரை ஒழுகினால் அவரைக் கேட்கிறோம். தேர்ச்சி குறைந்தால் அவரைக் கேட்கிறோம். அவர் படிக்கப் புதிய நூல் உண்டா, அவர் மனம் விட்டுப் பேசத் தோழர் உண்டா, நேர்மைக்காக அவர் நின்றால் உடன் நிற்க ஊர் உண்டா என்று ஒரு நாளாவது கேட்டோமா? அவர் நிமிர்ந்து நிற்க வேண்டிய நண்பகல் எந்த நாளும் வரலாம். அன்று அவருக்குத் துணிவு வேண்டுமானால், அதை இன்றே நாம் சேர்த்து வைத்திருக்க வேண்டும்.