ஒரே படம், பல பிரதிகள்: இணைய ஒளிபரப்பில் வீடியோ குறியாக்கத்தின் வளர்ச்சி

இணைய வீடியோவின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அதைக் கோடெக்குகளின், அதாவது வீடியோவைச் சுருக்கி விரிக்கும் முறைகளின், வம்சாவளியாகவே எழுதுகிறார்கள். 1988இல் எச்.261, 1993இல் எம்பெக்-1, 2003இல் எச்.264, 2013இல் எச்இவிசி, 2018இல் ஏவி1 என்று அந்த வரிசை நீளும். தலைமுறைக்குத் தலைமுறை அதே தரத்தைக் குறைந்த பிட்டுகளில் அடைத்தார்கள் என்பது உண்மைதான். ஆனால் ஓடும் பேருந்தில் கைப்பேசியில் படம் அறுபடாமல் ஓடுவதற்கு அது பாதிக் காரணம் மட்டுமே. குறியாக்குபவரின் வேலையே இடையில் மாறிப்போனது. நல்ல பிரதி ஒன்றைத் தயாரிப்பதாக இருந்த பணி, ஒரே படத்துக்குப் பல தரங்களில், ஒன்றோடொன்று இசைந்து நிற்கும் பிரதிகளைத் தயாரிப்பதாக ஆனது. அந்த மாற்றத்தின் காலத்தையும் காரணத்தையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

மேற்சொன்ன கோடெக்குகள் அனைத்துக்கும் பொதுவான அடித்தளம் ஒன்றுண்டு. நசீர் அகமது, டி. நடராஜன், கே. ஆர். ராவ் ஆகிய மூவரும் 1974 ஜனவரியில் ஐஇஇஇயின் கணினி ஆய்விதழில் வெளியிட்ட தனித்த கோசைன் உருமாற்றம் என்ற சுருக்கக் கணிதம்தான் அது. பெங்களூரில் பிறந்த அகமது இதற்காக அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் நிதி கேட்டபோது, யோசனை மிக எளிமையானது என்று சொல்லி மறுத்துவிட்டார்களாம். இதை அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். கணிதம் இவ்வாறு முன்னதாகவே கிடைத்துவிட்டது. படத்தைக் கொண்டுசேர்க்கும் வழி பிடிபடத்தான் காலம் பிடித்தது.

இணைப்பின் வேகத்துக்கேற்பத் தரத்தை மாற்றுவது ஐபோன் காலத்துக் கண்டுபிடிப்பு என்று பலர் கருதுகிறார்கள். அது சரியல்ல. 1995இல் ரியல்ஆடியோவையும் 1997இல் ரியல்வீடியோவையும் வெளியிட்ட ரியல்நெட்வொர்க்ஸ், 1998இல் ஷ்யூர்ஸ்ட்ரீம் என்ற முறையைக் கொண்டுவந்தது. ஒரே கோப்புக்குள் பல பிட்ரேட்டுகளில், அதாவது விநாடிக்கு வெவ்வேறு பிட் அளவுகளில், பிரதிகள் இருக்கும். 56 கிலோபிட் மோடத்தின் வேகம் குறைந்தால் சர்வர் குறைந்த தரத்துக்கு இறங்கும். அதே ஆண்டு ஏப்ரலில், இத்தகைய ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் ஆர்டிஎஸ்பி நெறிமுறையும் முறைப்படி வெளியானது. யோசனை முழுமையாகவே இருந்தது. அதைத் தாங்கிய ஏற்பாடுதான் கனமானது. பார்வையாளர் ஒவ்வொருவருடனும் சர்வர் தனித்தனியே தொடர்பைப் பேண வேண்டும். அதற்கென்றே தனி சர்வர் மென்பொருள் வேண்டும். அலுவலகங்களின் ஃபயர்வால் இந்தப் போக்குவரத்தைத் தடுத்துவிடும். சாதாரண இணையப் பக்கங்களைச் சேமித்துவைத்து வழங்கும் கேஷ் சர்வர்களாலும் பயனில்லை.

2005இல் வந்த யூடியூப் எதிர்த்திசையில் போனது. ஃபிளாஷ் பிளேயருக்கான ஒற்றைக் கோப்பைச் சாதாரண இணைய சர்வரிலிருந்து இறக்கவிட்டு, இறங்க இறங்கவே ஓடவிட்டது. எளிமையில் வெற்றி கண்ட முறை. ஆனால் இணைப்பு மெதுவானால் சுற்றும் வட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

இவ்விரு வழிகளையும் இணைத்ததே உண்மையான திருப்பம். யூட்டா மாநிலத்து மூவ் நெட்வொர்க்ஸ் நிறுவனம் படத்தைச் சில விநாடித் துண்டுகளாக வெட்டி, சாதாரண எச்டிடிபி வழியாக அனுப்பிக் காட்டியது. 2008 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் ஸ்மூத் ஸ்ட்ரீமிங்கை அறிவித்தது. 2009இல் ஐபோனின் மூன்றாம் பதிப்பு இயங்குதளத்துடன் ஆப்பிளின் எச்எல்எஸ் முறை வந்தது. மூன்றிலும் சர்வர் வெறும் கோப்புக் கிடங்காகிவிட்டது. எந்தத் துண்டை எந்தத் தரத்தில் கேட்பது என்ற முடிவு பார்வையாளரின் கருவிக்குப் போய்விட்டது. என் கணிப்பில், எந்தக் கோடெக்கின் வருகையைவிடவும் இந்த இடமாற்றமே பெரிது. ஆப்பிள் அதைக் கட்டாயமாகவும் ஆக்கியது: செல்பேசி வலையில் பத்து நிமிடத்துக்கு மேல் வீடியோ ஓட்டும் செயலி எச்எல்எஸ்ஸையே பயன்படுத்த வேண்டும், 64 கிலோபிட்டில் ஒலி மட்டும் கொண்ட பிரதியும் அதில் இருக்க வேண்டும் என்பது அன்றைய விதி. 2012இல் இதே துண்டு முறைக்கான எம்பெக்-டேஷ் சர்வதேசத் தரமாக வெளியானது.

இதன் விளைவு குறியாக்கத்தின் உள்ளேயே தெரிந்தது. எச்.264 போன்ற கோடெக் ஒரு ஃபிரேமை முழுமையாகப் பதிந்துவிட்டு, அடுத்து வருபவற்றில் மாறியதை மட்டும் பதியும். முழு ஃபிரேம், அதாவது கீஃப்ரேம், இடத்தை அடைக்கும். ஆகவே அதை முடிந்தவரை தள்ளிப்போடுவதே பழைய சிக்கனம். புகழ்பெற்ற எக்ஸ்264 என்கோடரின் இயல்பு அமைப்பில் இரு கீஃப்ரேம்களின் இடைவெளி 250 ஃபிரேம்கள் வரை நீளலாம். விநாடிக்கு 25 ஃபிரேம் என்றால் பத்து விநாடி. துண்டு முறையிலோ ஒவ்வொரு துண்டும் கீஃப்ரேமில் தொடங்க வேண்டும். எல்லாத் தரப் பிரதிகளிலும் அது ஒரே நொடியில் விழ வேண்டும். இல்லாவிட்டால் பாதியில் தரம் மாறும்போது படம் துள்ளும். இரண்டு விநாடித் துண்டென்றால் 50 ஃபிரேமுக்கு ஒரு கீஃப்ரேம். வேகத்தோடு தரமும் உடனுக்குடன் மாறும், ஆனால் பிட்டுகள் வீணாகும். நீளத் துண்டில் சிக்கனம் உண்டு, நேரலையில் தாமதமும் உண்டு. வழக்கமான எச்எல்எஸ் பிளேயர் நேரலை முனையிலிருந்து மூன்று துண்டு பின்னால் நின்றே ஓடத் தொடங்கும். ஆரம்ப காலத்துப் பத்து விநாடித் துண்டுகளில் இது அரை நிமிடம். பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சி விக்கெட் விழுந்ததைச் சொன்ன பிறகுதான் நம் கைப்பேசியில் பந்துவீச்சாளர் ஓடிவருவார்.

அடுத்த கேள்வி, எத்தனை பிரதிகள், எந்தெந்த அளவில் என்பது. நெட்ஃபிளிக்ஸ் வெகுகாலம் எல்லாப் படங்களுக்கும் ஒரே ஏணியை வைத்திருந்தது: 320×240 அளவில் 235 கிலோபிட் தொடங்கி 1920×1080 அளவில் 5800 கிலோபிட் வரை பத்துப் படிகள். 2015 டிசம்பரில் அந்நிறுவனத்தின் பொறியாளர்கள் இதைக் கைவிடுவதாக எழுதினார்கள். கார்ட்டூனின் சமதளமான வண்ணங்களுக்கு 5800 வீண். ஃபிலிம் குறுமணிகள் (கிரெய்ன்) நிறைந்த படத்துக்கோ அதுவும் போதாது. இனி ஒவ்வொரு படத்தையும் பல அளவுகளில், பல பிட்ரேட்டுகளில் சோதித்துக் குறியாக்கி, அதற்குரிய ஏணியைக் கண்டறிவோம் என்றார்கள். 2016இல் மனிதக் கண்ணின் மதிப்பீட்டை ஒட்டித் தரத்தை அளக்கும் விமாஃப் அளவுகோலையும் வெளியிட்டார்கள். பின்னர் அலகு படத்திலிருந்து ஷாட்டுக்கு இறங்கியது. இவை கணினி நேரத்தைத் தாராளமாகச் செலவிடும் முறைகள். ஒருமுறை குறியாக்கி, கோடிப் பேருக்கு அனுப்பும் நிறுவனத்துக்குக் கட்டுபடியாகும். சிறு தயாரிப்பாளருக்கு நிலையான ஏணியே இன்றும் நடைமுறை.

2020 மார்ச்சில் பொதுமுடக்கத்தால் வலைகள் திணறியபோது இந்தப் பல பிரதி ஏற்பாட்டின் பலன் தெரிந்தது. ஐரோப்பாவில் தன் போக்குவரத்தை 25 சதவீதம் குறைக்க நெட்ஃபிளிக்ஸ் எந்தப் படத்தையும் மறுகுறியாக்கம் செய்யவில்லை. ஒவ்வொரு தரத்திலும் அதிக பிட்ரேட் கொண்ட பிரதிகளை மட்டும் பட்டியலிலிருந்து நீக்கியது. அதே மாதம் 24ஆம் தேதி இந்தியாவின் முக்கியத் தளங்களும் செல்பேசி வலைகளில் 480பி-க்கு மேல் வழங்குவதில்லை என முடிவெடுத்தன. அந்த ஏற்பாடு ஏப்ரல் 14 வரைக்குமானது.