வாகன முகாம் படுக்கை

கார், ஜீப், வேன் ஆகியவற்றில் பயணம் போய், இரவில் வண்டிக்குள்ளோ அதன் கூரைமேலோ பக்கத்தில் அடித்த கூடாரத்திலோ தங்குபவர்கள் பயன்படுத்தும் மெத்தை, ஸ்லீப்பிங் பேக், போர்வை, தலையணை, மடக்குக் கட்டில், கொசுவலை ஆகியவற்றின் தொகுதி வாகன முகாம் படுக்கை எனப்படும். முதுகில் மூட்டை சுமந்து மலையேறுபவர் ஒவ்வொரு நூறு கிராமுக்கும் கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது. வண்டியில் போகிறவருக்கு அந்தக் கவலை இல்லை. அவருடைய தேர்வைத் தீர்மானிப்பவை வண்டிக்குள் கிடைக்கும் இடம், போகும் ஊரின் இரவுக் குளிர் அல்லது புழுக்கம், அவர் படுக்கும் பழக்கம் ஆகிய மூன்றே. போர்த்துவதற்குத் தாராளமாகச் செலவிட்டுவிட்டு விரிப்பதை அலட்சியமாக விடுவதுதான் பலரும் செய்யும் பிழை. முதலில் தளம், அடுத்து மெத்தை, கடைசியில் போர்வை என்ற வரிசையில் பார்த்தால் பணமும் மிஞ்சும், தூக்கமும் வரும்.

வரலாறு

காரும் படுக்கையும் சேர்ந்து பயணம் போவது ஏறத்தாழ கார் அளவுக்கே பழையது. ஹென்றி ஃபோர்டு, தாமஸ் எடிசன், ஹார்வி ஃபயர்ஸ்டோன், இயற்கையியல் எழுத்தாளர் ஜான் பரோஸ் ஆகியோர் 1910களின் நடுவிலிருந்து அமெரிக்காவில் கார் முகாம்களுக்குப் போய்வந்தார்கள். 1924 வரை தொடர்ந்த இந்தப் பயணங்களில், 1921இல் அதிபர் வாரன் ஹார்டிங்கும் வந்து சேர்ந்துகொண்டார். அவர்கள் படுத்தது கூடாரங்களில். காரையே படுக்கையாக்கியது நாஷ் நிறுவனம். அதன் 1936ஆம் ஆண்டு மாடலில் பின்னிருக்கையை மாற்றி அமைத்து, டிக்கிக்குள் காலை நீட்டிப் படுக்கலாம். பிற்பாடு அந்தக் காருக்குப் பொருந்தும் மெத்தையும் சன்னல் வலையும் துணைப்பொருள்களாக விற்பனைக்கு வந்தன. ஜெர்மனியின் வெஸ்ட்ஃபாலியா 1951இல் ஃபோக்ஸ்வாகன் வேனுக்கென 'கேம்பிங் பாக்ஸ்' செய்தது. இத்தாலியின் ஆட்டோஹோம் 1958இல் கூரைமேல் விரியும் கூடாரத்தைக் கொண்டுவந்தது. ஆஸ்திரேலியாவிலோ, நாடோடிக் கூலியாட்கள் தோளில் சுமந்த 'ஸ்வாக்' என்னும் சுருட்டுப் படுக்கை, கேன்வாஸ் உறைக்குள் மெத்தை வைத்துத் தைத்த வடிவில், இன்று பிக்கப் வண்டிகளின் பின்தட்டில் கிடக்கிறது.

தளம்

படுக்கை சமமாக இருக்க வேண்டும் என்பது சொகுசுக்காகச் சொல்வதல்ல. ஜப்பானில் 2004ஆம் ஆண்டு நீகாத்தா நிலநடுக்கத்துக்குப் பின் வீட்டுக்குள் போக அஞ்சிய மக்கள் பலர் கார் இருக்கைகளிலேயே இரவுகளைக் கழித்தார்கள். காலைத் தொங்கவிட்டு, மடங்கி, அசையாமல் கிடந்ததில் சிலருக்குக் கால் சிரைகளில் ரத்தம் உறைந்தது. உறைந்த கட்டி நுரையீரலை அடைத்ததால் உயிரிழப்புகளும் நேர்ந்தன. 2016இல் குமமோட்டோ நிலநடுக்கத்தின்போதும் இதுவே திரும்ப நடந்தது. சாய்த்த இருக்கையில் ஒரு மணி நேரம் கண்ணயரலாம்; இரவு முழுதும் படுக்கக் கூடாது.

பெரும்பாலான கார்களில் பின்னிருக்கையை மடக்கினாலும் சமதளம் கிடைப்பதில்லை. மடங்கிய இருக்கை டிக்கித் தரையைவிட உயர்ந்து, முன்பக்கம் ஏறுமுகமாக நிற்கும். கீல் இருக்கும் இடத்தில் ஒரு திட்டு இடுப்புக்கு நேராக வரும். சீட் பெல்ட்டின் கொக்கி விலா எலும்பைத் தேடி வந்து குத்தும். முன்னிருக்கைக்கும் மடக்கிய இருக்கைக்கும் நடுவிலுள்ள பள்ளத்தில் தலையணை நழுவி விழும். இவற்றை மெத்தையால் மறைத்துவிடலாம் என்று நினைத்து மேலும் மேலும் தடித்த மெத்தை வாங்குவது வீண். 12 மி.மீ. பிளைவுட் பலகையை இரண்டாக வெட்டிக் கீல் போட்டு, அடியில் கட்டை கொடுத்து உயரத்தைச் சரிசெய்தால் மெல்லிய மெத்தையே போதும். பள்ளத்தைப் பயணப் பைகளாலும் தண்ணீர் கேன்களாலும் நிரப்பலாம்.

அளக்க வேண்டியது படுப்பவரின் உயரத்தைவிடக் கொஞ்சம் கூடுதலான நீளத்தை. தலையணைக்கும் நீட்டிய பாதத்துக்கும் சேர்த்து உயரத்தோடு 10 செ.மீ. வேண்டும். அகலத்தைச் சக்கர வளைவுகளுக்கு நடுவே, மிகக் குறுகிய இடத்தில் அளக்க வேண்டும். பலர் கதவோரம் அளந்துவிட்டு இரட்டை மெத்தை வாங்கிவிடுகிறார்கள். அது வளைவில் ஏறி நடுவில் தொட்டிபோலக் குழிகிறது. வண்டி நிற்கும் தரை சரிவாக இருந்தால் தலைப்பக்கம் மேடாக வருமாறு படுப்பது நல்லது.

மெத்தை

குளிர் மேலிருந்து வருவதாகத்தான் தோன்றும். உண்மையில் படுத்திருப்பவரின் சூட்டில் பெரும்பகுதி அடியில் போய்விடக்கூடும். பஞ்சோ இறகோ தானாகச் சூடு தருவதில்லை. இழைகளுக்கு நடுவே சிறைப்பட்ட காற்றுதான் சூட்டைத் தடுத்து நிறுத்துகிறது. உடலின் எடை அழுத்தும்போது அடிப்பக்கத்துக் காற்று வெளியேறிவிடும். அதனால்தான் எவ்வளவு விலையுயர்ந்த ஸ்லீப்பிங் பேக்கும் முதுகுப்பக்கம் ஏறக்குறைய வெறும் துணியாகிவிடுகிறது. அந்த இடத்தை நிரப்ப வேண்டியது மெத்தை.

மெத்தை சூட்டைத் தடுக்கும் திறனை 'ஆர் மதிப்பு' என்ற எண் காட்டுகிறது. ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி இதை அளந்துவந்த நிலையை 2018இல் வந்த ஏஎஸ்டிஎம் எஃப்3340 தரநிலை மாற்றியது. சூடான தகட்டுக்கும் குளிர்ந்த தகட்டுக்கும் நடுவே மெத்தையை வைத்து, சூடான தகட்டை அதே வெப்பத்தில் வைத்திருக்க எவ்வளவு மின்சாரம் செலவாகிறது என்று அளக்கும் முறை இது. கோடை இரவுக்கு 1 முதல் 2 வரையிலும், உறைநிலையை ஒட்டிய இரவுக்கு 4 அளவிலும், பனிப்பிரதேசத்துக்கு 5க்கு மேலும் இருப்பது பொதுவான வழிகாட்டி. ஒன்றின்மேல் ஒன்று விரித்தால் இந்த எண்களைக் கூட்டிக்கொள்ளலாம். மதிப்பு 2 உள்ள ஃபோம் பாயின் மேல் 3 உள்ள மெத்தையை விரித்தால் 5 கிடைக்கும். புதிதாக எதையும் வாங்காமல் குளிரைச் சமாளிக்க இதுவே எளிய வழி.

குளத்திலும் விருந்தினர் அறையிலும் பயன்படும் சாதாரணக் காற்று மெத்தை தடிமனாக இருந்தாலும் குளிருக்கு ஆகாது. உள்ளே பெரிய காலியிடம் இருப்பதால் காற்று சுழன்று உடற்சூட்டைத் தரைக்குக் கொண்டுபோய்விடும். வெப்பமான சமவெளிக்கு அது போதும். குளிர்ப்பகுதிக்கு, காற்றோடு ஃபோமும் உள்ளே இருக்கும் தானாக விரியும் மெத்தையே ஏற்றது. போயிங் நிறுவனத்தில் வேலை இழந்த பொறியாளர்கள் 1970களின் தொடக்கத்தில் சியாட்டிலில் இதை உருவாக்கி, தெர்மரெஸ்ட் என்ற பெயரில் விற்றார்கள். வால்வைத் திறந்தால் அமுங்கிய ஃபோம் விரிந்து காற்றைத் தானே உள்ளிழுக்கும். ஒருக்களித்துப் படுப்பவருக்குத் தோளும் இடுப்பும் தரையில் முட்டாதபடி 7 செ.மீ. தடிமனாவது வேண்டும், மல்லாந்து படுப்பவருக்கு 5 செ.மீ. போதும். ஊர்க் கடையில் 40 டென்சிட்டி ஃபோம் வாங்கி, வண்டியின் அளவுக்கு மூன்று துண்டாக வெட்டி உறை தைத்துக்கொள்வதும் குறைவானதல்ல. ஒரே வண்டியில் அடிக்கடி போகிறவர்களுக்கு இதையே முதலில் பரிந்துரைக்கலாம். ஓட்டை விழும் பயம் கிடையாது.

வீட்டு இலவம்பஞ்சு மெத்தையைச் சுருட்டி ஏற்றிக்கொள்பவர்களும் உண்டு. உடம்புக்கு இதமானதுதான், ஆனால் பாதி டிக்கியை அடைத்துக்கொள்ளும், உறை நனைந்தால் வெயில் வரும்வரை காத்திருக்க வேண்டும்.

காற்றுள்ள மெத்தை வெப்பநிலைக்கும் உயரத்துக்கும் கட்டுப்பட்டது. மாலை 30 டிகிரி செல்சியஸில் ஊதியது விடியலில் 5 டிகிரிக்கு இறங்கினால் உள்ளிருக்கும் காற்று ஏறத்தாழ 8 விழுக்காடு சுருங்கும். மெத்தை தளர்ந்திருப்பதைப் பார்த்து ஓட்டை என்று கலங்க வேண்டாம். மலை ஏறும்போது நேர்மாறாக நடக்கும். மேட்டுப்பாளையத்தைவிட உதகையில் காற்றழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கீழே இறுக ஊதி வால்வை மூடி, விரித்தபடியே ஏற்றிப்போனால் ஒட்டுகள் பிரியலாம்.

போர்வையும் ஸ்லீப்பிங் பேக்கும்

ஸ்லீப்பிங் பேக்கில் அச்சிட்ட வெப்பநிலையைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். ஐரோப்பாவில் 2002இல் வந்த இஎன் 13537 தரநிலையின் இடத்தை 2016இல் ஐஎஸ்ஓ 23537 எடுத்துக்கொண்டது. சூடேற்றிய மனிதப் பொம்மையைப் பைக்குள் படுக்க வைத்து அளந்து எண்களைத் தருகிறார்கள். 'கம்ஃபர்ட்' என்பது சராசரிப் பெண் நிம்மதியாகத் தூங்கக்கூடிய வெப்பநிலை. 'லிமிட்' என்பது சராசரி ஆண் உடலைக் குறுக்கிக்கொண்டு சமாளிக்கக்கூடியது. 'எக்ஸ்ட்ரீம்' என்பது தூங்குவதற்கான எண்ணே அல்ல, உயிர் பிழைப்பதற்கானது. விளம்பரங்களில் பெரிதாகத் தெரிவது பெரும்பாலும் பின்னிரண்டில் ஒன்றுதான். வாங்குபவர் கம்ஃபர்ட் எண்ணைத் தேடிப் படிக்க வேண்டும். குழந்தைகளின் பைகளுக்கு இந்தத் தரநிலை பொருந்தாது.

வாத்திறகு லேசானது, சின்னதாகச் சுருங்கும், நனைந்தால் பயன்படாது. செயற்கை இழை கனமானது, இடம் பிடிக்கும், ஈரத்திலும் ஓரளவு சூடு காக்கும், விலையும் குறைவு. எடைக் கவலையற்ற வாகனப் பயணிக்குச் செயற்கை இழையே போதும். '800 ஃபில் பவர்' என்று விற்கும் உயர்தர இறகுக்குக் கொடுக்கும் பணத்தை மெத்தையில் போடுவது மேல். கால்பக்கம் குறுகும் மம்மி வடிவமும் தேவையில்லை. செவ்வக வடிவப் பையை முழுவதும் பிரித்துப் போர்வையாக்கலாம். டிசம்பர், ஜனவரியில் உதகையில் உறைபனி படியும் இரவுக்குக்கூட நல்ல மெத்தையும் ரஜாய் என்னும் கனமான பஞ்சுப் போர்வையும் கம்பளித் தொப்பியும் இருந்தால் போதும்.

சிகரெட் லைட்டர் முனையில் சொருகும் 12 வோல்ட் மின்போர்வை 45 வாட் இழுத்தால், எட்டு மணி நேரத்தில் சுமார் 30 ஆம்பியர்-மணி தீரும். சிறிய காரின் பேட்டரியில் பெரும்பகுதி அதிலேயே போய், காலையில் வண்டி கிளம்பாது. கால்மாட்டில் வெந்நீர்ப் பை வைப்பது பாதுகாப்பானது.

சமவெளியில் சிக்கல் புழுக்கமும் கொசுவும்தான். பிளாஸ்டிக் பூச்சுள்ள மெத்தை வியர்வையை உறிஞ்சாது. அதன் மேல் கோரைப்பாயோ பருத்தி ஜமக்காளமோ விரித்தால் முதுகு ஒட்டாது. சன்னல்களுக்கு வலையும் ஒரு சிறு விசிறியும் இங்கே ரஜாயைவிட முக்கியமானவை.

காற்றும் ஈரமும்

மூச்சில் வெளியேறும் நீராவி குளிர்ந்த கண்ணாடியிலும் தகரத்திலும் நீராகப் படிகிறது. விடியலில் கண்ணாடி முழுவதும் முத்து முத்தாக நிற்கும். துளிகள் வழிந்து கதவோரம் இறங்கும். தகரத்தை ஒட்டிக் கிடக்கும் போர்வையின் ஓரம் தொப்பலாகிவிடும். எதிரெதிர்ச் சன்னல்கள் இரண்டை விரலளவு திறந்து வைப்பதும், படுக்கையைப் பக்கச் சுவரிலிருந்து தள்ளி வைப்பதும் இதைக் குறைக்கும். குளிருக்குப் பயந்து எல்லாவற்றையும் மூடிவிட்டு உள்ளே கரி அடுப்போ கேஸ் அடுப்போ வைப்பதும், இன்ஜினை ஓடவிட்டுத் தூங்குவதும் உயிரைப் பறிக்கும். கார்பன் மோனாக்சைடுக்கு மணமோ நிறமோ இல்லாததால் தூங்குகிறவர் விழிப்பதற்கு வாய்ப்பே இருக்காது.

பராமரிப்பு

வீடு திரும்பியதும் எல்லாவற்றையும் பிரித்து நிழலில் காயவைக்க வேண்டும். ஸ்லீப்பிங் பேக்கை அதன் இறுக்கமான உறையிலேயே மாதக்கணக்கில் விட்டால் இழைகள் நசுங்கிப் பழைய தடிமனுக்குத் திரும்பாது; பெரிய பருத்திப் பையில் தளரப் போட்டு வைக்கலாம். தானாக விரியும் மெத்தையை வால்வு திறந்தபடி கட்டிலுக்கு அடியில் விரித்தே வைக்க வேண்டும். ஓட்டையைக் கண்டுபிடிக்கச் சோப்பு நீர் தடவிக் குமிழி வரும் இடத்தைப் பார்க்கலாம். சைக்கிள் டியூப் ஒட்டுபவரிடம் கொண்டுபோவதைவிட, மெத்தையின் துணிக்கேற்ற பசையும் ஒட்டுத்துண்டும் வண்டியிலேயே வைத்திருப்பது நல்லது.