‘செயல்முறைகள் ஆராய்ச்சி’க்குள் ஒளிந்திருக்கும் முறை

தமிழ்நாட்டுப் பதினோராம் வகுப்பு வணிகக் கணிதப் புத்தகத்தின் கடைசிப் பாடம் ‘செயல்முறைகள் ஆராய்ச்சி’. பன்னிரண்டாம் வகுப்பிலும் கடைசிப் பாடம் அதே பெயரில்தான் வருகிறது. தருமபுரி மாவட்டத்து ஏரியூரில் வணிகவியல் எடுத்துப் படிக்கும் பிள்ளை அந்தத் தலைப்பைப் பார்த்து என்ன நினைக்கும்? செய்முறைத் தேர்வு என்றால் அதற்குத் தெரியும். அறிவியல் பிரிவுக்காரர்கள் ரெக்கார்டு நோட்டோடு அலைவார்கள். வீட்டில் யாராவது அரசு வேலையில் இருந்தால், ‘மாவட்ட ஆட்சியரின் செயல்முறைகள்’ என்று தலைப்பிட்டு வரும் உத்தரவுத் தாளையும் பார்த்திருக்கும். இந்த இரண்டுக்கும் அந்தப் பாடத்துக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பாடத்துக்குள் இருப்பது நேரியல் திட்டமிடல், போக்குவரத்துக் கணக்கு, ஒதுக்கீட்டுக் கணக்கு. கையிலிருக்கும் சரக்கையோ ஆளையோ வண்டியையோ நேரத்தையோ எப்படிப் பங்கிட்டால் செலவு குறையும், எப்படிப் பங்கிட்டால் பலன் கூடும் என்று பார்க்கிற கணிதம் அது. தலைப்பைப் படித்து இதை யாரும் ஊகிக்க முடியாது.

ஊர்ப்பெயர்கள் இந்த விஷயத்தில் நேர்மையானவை. ஏரியை வைத்து ஏரியூர். பெயரைக் கேட்டவுடன் நீர் நினைவுக்கு வந்துவிடும். துறைப்பெயர்கள் அப்படிப் பிறப்பதில்லை. ஏதோ ஓர் அலுவலகத்தில், ஏதோ ஓர் அவசரத்தில் யாரோ வைத்த பெயர் அப்படியே நிலைத்துவிடும். இந்தத் துறைக்கு நேர்ந்ததும் அதுதான்.

இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் பாட்ஸி என்ற இடத்தில் ரேடார் ஆராய்ச்சி நிலையம் ஒன்று இருந்தது. 1938 கோடையில் நடந்த விமானப்படைப் பயிற்சியில் ரேடார் தன் வேலையைச் சரியாகவே செய்தது. வரும் விமானங்களைக் காட்டிக்கொடுத்தது. ஆனால் ஒவ்வொரு நிலையமும் அனுப்பிய தகவல் ஒவ்வொரு மாதிரி இருந்தது. எதை நம்பி எந்த விமானத்தை மேலே ஏற்றுவது என்று தெரியாமல் தலைமையகம் திணறியது. கருவியில் பழுதில்லை, அதைப் பயன்படுத்தும் ஏற்பாட்டில்தான் பழுது. நிலையத்தின் தலைவர் ஏ.பி. ரோ, கருவியின் தொழில்நுட்பத்தைத் தனியாகவும் அதைப் படை நடவடிக்கையில் பயன்படுத்தும் விதத்தைத் தனியாகவும் ஆராய வேண்டும் என்றார். இந்த இரண்டாவது வகைக்கு வந்த பெயர்தான் ‘ஆபரேஷனல் ரிசர்ச்’. அங்கே ‘ஆபரேஷன்’ என்றால் போர் நடவடிக்கை என்றே பொருள். அமெரிக்கர்கள் போருக்குள் வந்த பிறகு ‘ஆபரேஷன்ஸ் ரிசர்ச்’ என்று வாலைச் சற்று மாற்றிக்கொண்டார்கள். இங்கிலாந்தும் அமெரிக்காவும் இன்றும் தத்தம் வாலை விடவில்லை.

அந்த நாளில் இந்த ஆராய்ச்சி எப்படி நடந்தது என்பதற்கு நீர்மூழ்கி வெடிகுண்டுக் கதை நல்ல சான்று. 1941இல் பிரிட்டிஷ் விமானங்கள் ஜெர்மன் நீர்மூழ்கிகள் மீது போட்ட குண்டுகள் 100 அடி ஆழத்தில் வெடிக்கும்படி வைக்கப்பட்டிருந்தன. விமானத்தைக் கண்ட நீர்மூழ்கி முங்கிவிடும், குண்டு விழுவதற்குள் ஆழத்துக்குப் போய்விடும் என்பது நினைப்பு. இ.ஜே. வில்லியம்ஸ் என்ற இயற்பியலாளர் தாக்குதல் அறிக்கைகளை எடுத்துவைத்துக் கேள்வியைத் திருப்பிப் போட்டார். நீர்மூழ்கி அவ்வளவு ஆழம் போக நேரம் கிடைத்திருந்தால், அது எந்தப் பக்கம் போனது என்று விமானிக்கு எப்படித் தெரியும்? அதைக் குறிவைப்பதே வீண். குறி தப்பாமல் அடிக்கக்கூடியவை, இன்னும் நீர்மட்டத்தை ஒட்டி இருப்பவை மட்டும்தான். அவற்றுக்கோ 100 அடிக் குண்டு எட்டாத ஆழத்தில் வெடித்துக்கொண்டிருந்தது. வெடிக்கும் ஆழத்தை 25 அடிக்குக் கொண்டுவந்ததும் பலன் பல மடங்கு கூடியது. புதுக் குண்டு, புது விமானம் எதுவும் வேண்டியிருக்கவில்லை.

இந்தக் கூட்டத்தின் பெருந்தலை பி.எம்.எஸ். பிளாக்கெட். உடலியலாளர், கணிதவியலாளர், வானியற்பியலாளர், நில அளவையாளர் என்று கலவையாக ஆள் சேர்த்ததால் அவருடைய குழுவை ‘பிளாக்கெட் சர்க்கஸ்’ என்று கிண்டல் செய்தார்கள். 1948இல் இயற்பியலுக்காக நோபல் பரிசு பெற்ற இவர், விடுதலைக்குப் பின் நேருவுக்குப் பாதுகாப்பு அறிவியலில் ஆலோசனை சொன்னவரும்கூட. 1950களில் புள்ளியியலாளர் மகலனோபிஸ் இந்தக் கணிதத்தைத் திட்டக்குழுவின் பக்கம் இழுத்துவந்தார். 1957இல் இந்தியாவுக்கென்று தனிச் சங்கமே உருவானது. போர் போய்விட்டது. பெயரில் அதன் வாடை மட்டும் நின்றுவிட்டது.

பாடத்தின் உட்தலைப்புகளும் இப்படிப்பட்டவைதான். ‘லீனியர் புரோகிராமிங்’கில் வரும் ‘புரோகிராம்’ கம்ப்யூட்டர் சமாச்சாரம் என்று ஆங்கிலம் வழிப் படிக்கிறவர்கள் பலர் நினைக்கிறார்கள். ஜார்ஜ் டான்ட்ஸிக் 1947இல் அமெரிக்க விமானப்படைக்காக இதை வகுத்தபோது, பயிற்சி, தளவாடம், படை நகர்வு ஆகியவற்றுக்கான கால அட்டவணையைத்தான் படைக்காரர்கள் ‘புரோகிராம்’ என்றார்கள். அவர் வைத்த பெயர் நீளமாக இருந்தது. மறு ஆண்டு சான்டா மோனிகா கடற்கரையில் நடந்துகொண்டிருந்தபோது, இதைச் சுருக்கினால் என்ன என்று பொருளியலாளர் கூப்மன்ஸ் யோசனை சொல்ல, இன்றைய பெயர் வந்தது. தமிழில் ‘நேரியல் திட்டமிடல்’ என்று எழுதியவர் ‘நிரல்’ பக்கம் போகாமல் மூலப் பொருளையே பிடித்திருக்கிறார். கலைச்சொல்லாக்கத்தில் குறை சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறோம். இந்த இடத்தில் பாராட்டிவிட வேண்டும்.

ரிச்சர்ட் பெல்மனின் ‘டைனமிக் புரோகிராமிங்’ இன்னும் வேடிக்கை. ஆராய்ச்சி என்ற சொல்லைக் கேட்டாலே முகம் சிவக்கும் அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் வில்சனுக்குத் தெரியாமல் கணிதத்தை மறைக்கவே அந்தப் பெயரை வைத்ததாக பெல்மன் தன்வரலாற்றில் எழுதினார். வில்சன் பதவிக்கு வந்தது 1953இல். பெல்மனின் கட்டுரை அந்தப் பெயரோடு வெளிவந்தது 1952இல். பெயருக்குக் கதை சொல்லும்போது கணிதவியலாளரும் கொஞ்சம் கயிறு திரிப்பார் போலும்.

இனிப் போக்குவரத்துக் கணக்கு. பல கிடங்குகளில் சரக்கு இருக்கிறது, பல கடைகளுக்கு அது போக வேண்டும். எந்தக் கிடங்கிலிருந்து எந்தக் கடைக்கு எவ்வளவு அனுப்பினால் வண்டி வாடகை குறையும்? ஏரியூர்க்காரருக்கு ரேஷன் அரிசியை வைத்துச் சொன்னால் போதும். கற்பனையாக இரண்டு கிடங்கு, இரண்டு கடை வைத்துக்கொள்வோம். ஏரியூர்க் கடைக்கு 100 மூட்டை, நெருப்பூர்க் கடைக்கு 100 மூட்டை வேண்டும். கிடங்கு ஒவ்வொன்றிலும் 100 மூட்டை இருக்கிறது. முதல் கிடங்கிலிருந்து ஏரியூருக்கு மூட்டைக்கு 8 ரூபாய், நெருப்பூருக்கு 15. இரண்டாம் கிடங்கிலிருந்து ஏரியூருக்கு 6, நெருப்பூருக்கு 9. இருப்பதில் மலிவு 6 ரூபாய்தானே என்று இரண்டாம் கிடங்கை ஏரியூருக்குத் திருப்பினால், நெருப்பூருக்கு 15 ரூபாயில் அனுப்புவதைத் தவிர வழியில்லை. மொத்தம் 2,100 ரூபாய். அந்த மலிவு வழியைத் தொடாமல் விட்டு, முதல் கிடங்கை ஏரியூருக்கும் இரண்டாவதை நெருப்பூருக்கும் அனுப்பினால் 1,700 ரூபாயில் முடிந்துவிடும். ஆகக் குறைந்த கூலியைக் கண்டதும் கை அங்கே போவது மனித சுபாவம். அந்தக் கையைப் பிடித்து நிறுத்துவதுதான் இந்தத் துறையின் வேலை.

இது ஏட்டுக் கணக்கோடு நிற்கவில்லை. உலக உணவுத் திட்டமும் டெல்லி ஐ.ஐ.டி.யைச் சேர்ந்த அமைப்பும் சேர்ந்து உருவாக்கிய ‘அன்ன சக்ரா’ என்ற கருவியை ஒன்றிய அரசு 2024 டிசம்பரில் வெளியிட்டது. பொது விநியோக அரிசி, கோதுமை லாரிகளுக்குத் தடம் வகுக்கும் கருவி அது. ஆண்டுக்கு சுமார் 250 கோடி ரூபாய் மிச்சமாகும் என்று அரசு சொன்னது.

‘கிடங்கு’ என்ற சொல்லுக்கும் ஒரு தடம் உண்டு. பழந்தமிழில் அது கோட்டையைச் சுற்றிய அகழி. திண்டிவனத்தை ஒட்டிய ‘கிடங்கில்’ என்ற பழைய ஊரின் பெயரில் அந்தச் சொல்லை இன்றும் பார்க்கலாம். ‘கிட’ என்ற வேரிலிருந்து, சரக்கு கிடக்கும் இடம் என்ற பொருளும் வந்தது. தென்னிந்திய வணிகர்களோடு மலாய்க் கரைக்குப் போய் ‘கடோங்’, ‘குடாங்’ என்றாகி, ஆங்கில வியாபாரிகள் வாயில் ‘கோடவுன்’ ஆகித் திரும்பிவந்தது. தெலுங்கு, தமிழ்ச் சொற்களே இதன் மூலம் என்று 1886இல் வந்த ஹாப்ஸன் ஜாப்ஸன் அகராதி கருதுகிறது. அதன் ஆசிரியர்களில் ஒருவரான பர்னல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். ஆக, நாம் ‘குடோன்’ என்று சொல்லும்போது, வெளிநாடு போய் ஆளே மாறித் திரும்பிய நம் சொல்லைத்தான் சொல்கிறோம்.

இப்போது தலைப்புக்குத் திரும்புவோம். ‘செயல்முறைகள்’ என்பது ‘ஆபரேஷன்ஸ்’ என்பதற்கு நேராக வைத்த சொல். அதற்குள் ‘முறை’ வந்து உட்கார்ந்தது தற்செயல். ஆனால் இந்தத் துறைக்குப் பொருந்தும் சொல் தமிழில் ஒன்று உண்டென்றால் அது இந்த ‘முறை’தான். முறை என்றால் வழி. முறை என்றால் தடவை. முறை என்றால் யாருடைய நேரம் என்பது. கோயில் பூசைக்கு முறைக்காரர் உண்டு, முறைமாமன் என்பதில் உறவும் உண்டு. திருக்குறளில் முறை அரசன் வழங்கும் நீதி. பற்றாக்குறை நாளில் நீர்வளத் துறை கால்வாய்க்குக் கால்வாய் நாள் வைத்துத் தண்ணீர் விட்டால் செய்தித்தாளில் அது ‘முறைப்பாசனம்’. குறைந்த பொருளை வரிசைப்படி, அளவுப்படி, நியாயப்படி பங்கிடுவது என்ற மூன்றும் இந்த ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன.

இதை வைத்து, இந்தத் துறை சோழர் காலத்திலேயே நம்மிடம் இருந்தது என்று கிளம்ப வேண்டாம். உத்திரமேரூரில் பராந்தகன் காலத்து 921ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஏரி வாரியத்துக்கு ஆறு பேரைக் குடவோலை மூலம் எடுக்கச் சொல்கிறது. நீரைப் பார்த்துக்கொள்ளத் தனிக் குழு இருந்தது என்பதுதான் அதன் செய்தி. பங்கீட்டை இப்படிக் கணிதமாக்கியது இருபதாம் நூற்றாண்டு.

கணிதம் தானாகச் சொல்லாத ஒன்றும் உண்டு. பாடத்தில் முதல் படி ‘குறிக்கோள் சார்பு’ எழுதுவது, பிறகுதான் ‘கட்டுப்பாடுகள்’. எதைக் கூட்ட வேண்டும், எதைக் குறைக்க வேண்டும் என்று மனிதர் எழுதிக் கொடுத்தால்தான் கணக்கு ஓடும். ஏரியூர் வட்டாரத்தில் நாகமரை வரை மேட்டூர் அணையின் தேங்குநீர் நிற்கிறது. 1934இல் கட்டி முடிந்த அணை. முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. வழக்கமாக ஜூன் 12இல் மதகு திறந்தால் தண்ணீர் டெல்டாவுக்குப் போகும். அந்தக் கணக்கில் குறிக்கோள் நெல். கரையிலிருந்து நீரைப் பார்த்துக்கொண்டிருக்கும் தருமபுரி, ஃபுளோரைடு கலந்த நிலத்தடி நீரைக் குடித்துப் பல்லும் எலும்பும் கெட்ட மாவட்டம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல்தான் தொடங்கிவைக்கப்பட்டது. அதற்குமுன் யாரும் கணக்கில் தவறவில்லை. குறிக்கோள் வரியில் இந்த ஊர்களின் பெயர் இல்லை, அவ்வளவுதான். வரைபடத்தில் நாகமரைக்கு எதிரே பண்ணவாடி விரல் தூரம். படகு ஏறாவிட்டால் மேட்டூரைச் சுற்றிப் போக வேண்டும். குறைந்த தூரக் கணக்கில் அந்தப் படகுத் துறையை ஒரு கோடாகப் போடுவதா வேண்டாமா என்பதும் மனிதர் எடுக்கும் முடிவே.

பாடநூல் எழுதுவோருக்கு ஒரு வேண்டுகோள். பெயரை மாற்ற வேண்டாம், பழகிவிட்டது. அடுத்த திருத்தத்தில், பாடத்தின் முதல் பக்கத்தில் அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று நான்கு வரி எழுதுங்கள். பெயரில்லாத தொழிற்சாலையிலிருந்து பெயரில்லாத சந்தைக்குச் சரக்கு அனுப்பும் கணக்குகளுக்குப் பதிலாக, ஒரு ரேஷன் கிடங்கையும் நான்கு கடையையும் வைத்து ஒரு கணக்காவது போடுங்கள். குறிக்கோள் என்ன என்பதையும் மாணவரையே எழுதச் சொல்லுங்கள். அதற்கு ஐந்து மதிப்பெண் தரலாம்.